பேஸ்மென்ற் அடுப்பில் வெந்த போஞ்சி

தொண்ணூற்று நாலாம் ஆண்டு வசந்தத்தில் கனடாவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு இத்தாலியத் தம்பதியின் வீட்டு பேஸ்மென்ற்றுக்குக் குடிபோனேன். ஒரு அறை, ஒரு குளியலறை, பக்கக் கதவால் தனி வாசல். குசினி மட்டும் பொது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதன் பொருள் மறுநாள்தான் விளங்கியது. மேலே அவர்களுக்குப் பளபளவென்று ஒரு குசினி இருந்தது. அதில் யாரும் சமைப்பதில்லை. விருந்தாளிகள் பார்ப்பதற்கான குசினி அது. உண்மையான சமையலெல்லாம் கீழே, என் அறைக் கதவுக்கு ஐந்தடி தள்ளியிருந்த பழைய அடுப்பில்தான் நடந்தது.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. முந்தின வருடம், கணவரையும் நாலு வயது மகளையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுத் தனியாகக் கனடா வந்திருந்தேன். எங்களிடம் ஒருவர் பயணம் செய்யத்தான் வழி இருந்தது. ஆண் என்றால் கொழும்பில் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்து அவர் என்னை அனுப்பினார். "நீ முதல் போ. ஆறு மாதத்திலை நாங்கள் பின்னாலை வாறம்," என்றார். ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. என் அகதி வழக்கு முடியவில்லை. காலையில் பஸ் பிடித்து ஒரு தொழிற்சாலைக்குப் போய் அட்டைப் பெட்டி மடிப்பேன், பின்னேரம் திரும்பி வந்து கட்டிலில் படுப்பேன். வேறு ஒன்றும் செய்ததாக நினைவில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். குள்ளமான, அகன்ற உடம்பு. ஆங்கிலம் வராது. முதல் நாள் அடுப்பைச் சுற்றிக் கையைக் காட்டி, "குச்சீனா," என்றார். நான் "குசினி" என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். மேசையில் இருந்த ரொட்டியைத் தொட்டு, "பானே," என்றார். "பாண்," என்றேன். அவ்வளவுதான், என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டார். போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள் அவை என்று நான் எப்படி விளக்குவது? நான் ஏதோ தூரத்து உறவு என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அவருடைய சமையலில் கடைச் சாமான் குறைவு. வேனிலில் பின்வளவில் காய்க்கும் பச்சைப் பூசணியின் பூவை மாவில் தோய்த்துப் பொரிப்பார். இலையுதிர் காலத்தில் சிவப்புப் புள்ளி போட்ட போஞ்சி விதை, பெரிய அவரைக் கொட்டை மாதிரி. குளிர் காலத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸ் இனத்துக் கறுத்த கோவா இலையும். காய்ந்த பாண் எதிலும் இருக்கும், அதை ஒருநாளும் எறியமாட்டார். இறைச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும். சமைத்து முடிந்ததும் ஒரு கோப்பையில் ஊற்றி என் அறை வாசலில் வைத்துவிட்டு மேலே போய்விடுவார்.

எனக்கு அது வேண்டாம். ஒலிவ் எண்ணெயில் உள்ளிப்பூண்டு வதங்கும் மணமே எரிச்சலாக இருந்தது. என் பிள்ளை அங்கே என்ன சாப்பிடுகிறாளோ என்ற நினைப்பு வந்தபின் எந்தச் சாப்பாடும் தொண்டையால் இறங்காது. தேத்தண்ணியும் பிஸ்கற்றுமாகக் கிடந்தேன். ஒருநாள் அவர் வைத்ததை அப்படியே குப்பைவாளியில் கொட்டினேன். திரும்பினால் படிக்கட்டில் அவர் நிற்கிறார். திரும்பி மேலே ஏறிப் போனார். அடுத்த நாளும் கோப்பை வாசலில் இருந்தது.

தொண்ணூற்றைந்து செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை அவர்கள் தக்காளி அரைத்தார்கள். கூடை கூடையாகத் தக்காளி. வீட்டுக்காரர் கராஜுக்கு முன்னால் பாதி பீப்பாயில் தண்ணீர் கொதிக்க வைத்தார். வீட்டுக்கார அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, தோல் ஒரு பக்கமும் சாறு ஒரு பக்கமுமாகப் பிரிக்கும் இயந்திரத்தின் கைபிடியைச் சுற்றச் சொன்னார். பின்னேரம் வரை சுற்றினேன். சாறு நிரப்பிய போத்தல்களை வாசற்படிக்குக் கீழே இருந்த குளிர்ந்த களஞ்சிய அறையில் அடுக்கினோம். அவர் தன் மார்பில் கைவைத்து, என் மார்பைத் தொட்டு, பிறகு போத்தல்களைக் காட்டினார். உனக்கும் இதில் பங்கிருக்கிறது என்கிறார் என்று விளங்கியது.

மூன்று கிழமைக்குப் பிறகு நடந்ததை நான் நெடுநாள் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று வேலை முடிந்து வழக்கமான பஸ்ஸில்தான் வந்தேன். இறங்கியதும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அந்த ஐந்து படி இறங்கி, அந்த மணத்துக்குள், அந்த அறைக்குள் மறுபடியும் போகவேண்டுமே என்று இருந்தது. பஸ் தரிப்பு வாங்குப் பலகையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா இருந்தேன். பஸ்கள் வந்து கதவு திறந்து மூடிப் போயின. ஒரு சாரதி, "ஏறுகிறாயா இல்லையா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். பிறகு எழும்பி நடந்தேன்.

கதவைத் திறந்ததும் புகை. அடுப்பில் போஞ்சிச் சட்டி அடிப்பிடித்துக் கரியாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா நிலத்தில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தார், நான் வந்துவிட்டேன் என்பது அவருக்கு விளங்கியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மேலே ஓடி, வீட்டுக்காரர் இல்லையென்று கண்டு, நானே அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

பாரிசவாதம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் வேளைக்குக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் வீட்டுக்காரரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒக்டோபர் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் இல்லை. முன்னறையில், யன்னலோரம் கட்டில் போட்டார்கள். இடது கையில் ஒரு தடி கொடுத்தார்கள், ஏதும் வேண்டுமென்றால் நிலத்தில் தட்டுவதற்கு. அவர் எதற்கும் தட்டவில்லை. சாப்பிடவும் இல்லை. ஆஸ்பத்திரி கொடுத்துவிட்ட கூழை வாயருகே கொண்டுபோனால் பல்லை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். பார்க்க வந்த தாதி, இப்படியே போனால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கவேண்டிவரும், ஒரு கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அதே கிழமைதான் அங்கே யாழ்ப்பாணத்தில், இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்துபோனதாகத் தமிழ் வானொலியில் சொன்னார்கள். வேலையிடத்தில் என்னோடு பெட்டி மடிக்கும் அக்கா ஒருவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், என்னைத் தன் அப்பார்ட்மென்ற்றுக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து கொழும்பிலிருக்கும் மாமாவுக்கு ரெலிபோன் எடுத்துத் தந்தார்.

"ஒரு தகவலும் இல்லை, பிள்ளை," என்றார் மாமா. "தகவல் வந்தால் நான் எடுக்கமாட்டனே?"

ரிசீவரை வைத்துவிட்டு நின்ற என்னிடம் அக்கா, "இண்டைக்கு இஞ்சை நில்லுமன்," என்றார். "முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. என்ன சாப்பிட்டனீர்?"

"பசிக்கேல்லை அக்கா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வீட்டுக்காரர் என் கதவைத் தட்டினார். இளைப்பாறிய கொங்கிறீற் வேலைக்காரர்; தோள் அகலத்துக்குக் கதவு போதாது. அவருக்கும் எனக்கும் அரைகுறை ஆங்கிலம்தான், அதை என் தமிழில்தான் எழுத முடியும்.

"நீ இஞ்சை இருந்தனீதானே," என்றார். "அவள் எப்பிடிச் சமைக்கிறவள்?"

"எனக்குத் தெரியாது."

"ஒண்டரை வருசம் பக்கத்திலை இருந்தனி."

"நான் பாக்கேல்லை," என்றேன். "உங்களுக்குத் தெரியாதோ? உங்கடை மனிசிதானே?"

"நான் மேசையிலை இருந்து சாப்பிட்டனான். முப்பத்தெட்டு வருசம். ஒருநாளும் அடுப்பைப் பாக்கேல்லை." அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த அகலமான தோள் குலுங்கியது. "அவளுக்குத் துளை போடச் சொல்லி நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும், அடுப்புப் பக்கம் பார்க்காத ஒருவரும் சாப்பிடவே விரும்பாத ஒருத்தியும், சமைக்கத் தொடங்கினோம்.

முதல் நாள் போஞ்சி விதையை ஊறவைக்க மறந்தோம். நாலு மணித்தியாலம் அவித்தும் கல்லாகக் கிடந்தது. அடுத்த நாள் ஊறவைத்து அவித்துக் கடைந்து, தக்காளிச் சாறு விட்டுக் கொண்டுபோனோம். வீட்டுக்கார அம்மா மணந்து பார்த்தார். உதட்டில் பட்டதை நாக்கால் தொட்டார். பிறகு துப்பினார். வீட்டுக்காரர் தானே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, "இது அவளின்ரை இல்லை," என்றார், கரண்டியைச் சுவரில் எறிந்தார்.

நான் கீழே வந்து கட்டிலில் கிடந்தேன். கண்ணை மூடினேன். கண்ணால் பார்க்காவிட்டாலும் காதால் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது. அந்த மெல்லிய கதவுக்குப் பின்னால் எத்தனை சனி, ஞாயிறு படுத்திருந்தேன்! முதலில் கத்திச் சத்தம், நீண்ட நேரம், மிகப் பொடியாக எதையோ அரிவது. மணத்தை வைத்துப் பார்த்தால் வெங்காயமும் செலரியும் கரட்டும். பிறகு எண்ணெய் இரையாது; மிக மெல்லிய சூட்டில், கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல் வதக்குவார். பிறகு சட்டியில் தண்ணீர். அதற்குப் பிறகு ஒரு தகரப்பேணி மூடி திறக்கும் சத்தம். ஏதோ கட்டியாக ஒன்று சட்டிக்குள் தொம்மென்று விழும். கடைசியில் அரிதட்டில் அகப்பை உரசும் சத்தம்.

எழும்பிக் களஞ்சிய அறைக்குள் போனேன். தக்காளிப் போத்தல்களுக்குப் பின்னால் அந்தப் பேணி இருந்தது. உள்ளே சீஸின் காய்ந்த தோல்கள், தின்று முடிந்த கடைசித் துண்டுகள், ஓடுபோல இறுகியவை. நாங்கள் என்றால் குப்பையில் போடுவோம்.

மூன்றாம் நாள் காதில் கேட்ட ஒழுங்கின்படியே செய்தேன். போஞ்சியை அரிதட்டில் தேய்த்துத் தோலை நீக்கினேன். காய்ந்த பாணை அதற்குள் ஊறவிட்டுக் கரைத்தேன். மேலே பச்சை எண்ணெய் விட்டேன். வீட்டுக்காரர் கோப்பையை வாங்கி மணந்தார். என் கையிலேயே திருப்பித் தந்தார்.

வீட்டுக்கார அம்மா வாயைத் திறந்தார். ஒரு கரண்டி இறங்கியது. இரண்டாவது கரண்டியும் இறங்கியது. கண்ணால் தண்ணீர் ஓடியது. மூன்றாவதைக் கொண்டுபோனபோது பல்லை இறுக்கிக்கொண்டார். இடது கையால் கரண்டியைப் பிடித்து என் பக்கம் தள்ளினார். விளங்காமல் மறுபடியும் நீட்டினேன். மறுபடியும் தள்ளினார்.

"உன்னைச் சாப்பிடச் சொல்லுறாள்," என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கு வேண்டாம்."

"அப்ப அவளுக்கும் வேண்டாமாம்."

சாப்பிட்டேன். மூன்று நாளாக வயிற்றில் ஒன்றும் இருக்கவில்லை. சூடு நெஞ்சு வழியே இறங்குவது வலித்தது. நான் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவர் வாய் திறந்தார். கோப்பை முடியுமட்டும் அப்படியே போயிற்று.

கீழே கோப்பையைக் கழுவும்போது என்னால் அடக்க முடியவில்லை. பின்னால் நின்ற வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அண்டைக்கு நான் பிந்தி வந்தனான். பஸ் ஸ்ரொப்பிலை சும்மா இருந்தனான். ஒரு காரணமும் இல்லை. நேரத்துக்கு வந்திருந்தால் அவ இப்ப நடப்பா."

அவர் எட்டி அடுப்பை அணைத்தார். என்னை வெளியே போகச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான் கோப்பிக் கடையிலை சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தனான்," என்றார் கடைசியில். "அண்டைக்கு வேளைக்கு வா எண்டு சொன்னவள். தலையிடிக்குது எண்டும் சொன்னவள்."

அவர் என்னை மன்னிக்கவில்லை, நானும் அவரை மன்னிக்கவில்லை. துவாயை எடுத்துச் சட்டியைத் துடைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுதும் களஞ்சிய அறையில் இருந்தவற்றால்தான் சமைத்தோம். உருளைக்கிழங்கும் கோவாவும் மசித்து, சோளமாவைக் கிண்டி, வெங்காயத்தை மட்டும் நீண்ட நேரம் உருக்கி அதில் பாணைப் போட்டு. வேலையால் வந்ததும் மேலே போவேன். அவருக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி. வயிற்றில் குழாய் வைக்கும் பேச்சு நின்றது. மாமாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. நவம்பர் போயிற்று, டிசெம்பர் போயிற்று.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருக்குத் தீத்திக்கொண்டிருக்கும்போது மேல்குசினி ரெலிபோன் அடித்தது. வீட்டுக்காரர் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, சின்னவள் இருக்கிறாள்," என்றார் மாமா. "கிளிநொச்சியிலை, உம்மடை மச்சாளோடை. சுகமாயிருக்கிறாள்."

"அவர்?"

இரைச்சல் மட்டும் கேட்டது.

"மாமா, அவர் எங்கை?"

"சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை இருந்தவை. காய்ச்சல் வந்திட்டுது. மருந்து இல்லை, பிள்ளை. கார்த்திகையிலையே முடிஞ்சுது. எங்களுக்கே நேற்றுத்தான் கடிதம் வந்தது."

அதற்குப் பிறகு மாமா என்ன சொன்னார் என்று நினைவில்லை. கீழே போய்க் கதவைப் பூட்டினேன்.

நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அக்கா வந்து கதவைத் தட்டி, "ஒருக்காத் திறவும், நான் முகத்தைப் பாத்திட்டுப் போறன்," என்றார். திறக்கவில்லை. வீட்டுக்காரர் தானே தனியாக உருளைக்கிழங்குச் சூப் ஒன்று வைத்து வாசலில் வைத்தார். உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. தொடவில்லை.

ஆனால் மேலே வீட்டுக்கார அம்மா தடியால் தட்டத் தொடங்கினார். அவருடைய கட்டில் என் கட்டிலுக்கு நேர் மேலே. டொக், டொக், டொக். விட்டுவிட்டு, காலையிலிருந்து பின்னேரம் வரை. இவ்வளவு காலம் எதற்கும் தட்டாத மனிசி. தலையணையால் காதை மூடினேன். நாலாம் நாள் எழும்பி மேலே ஓடினேன்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று தமிழில் கத்தினேன். "உன்ரை புருசன் பக்கத்திலை இருக்கிறான்! என்னை விடன்! சாக விடன்!"

வீட்டுக்காரர் கதிரையிலிருந்து எழுந்தார். வீட்டுக்கார அம்மா கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்தார். மேசையில் தொடாத கோப்பை இருந்தது. நாலு நாளாக அவரும் சாப்பிடவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். தடியைக் கீழே விட்டார். இடது கையால் தானே கரண்டியை எடுத்தார். அதுவரை அவர் தானாகக் கரண்டி பிடித்ததில்லை. கை ஆடிய ஆட்டத்தில் கரண்டியிலிருந்த சூப் எல்லாம் போர்வையில் சிந்தியது. வெறுங்கரண்டிதான் என் வாயருகே வந்து நின்றது.

அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. வெறுப்போடுதான் கோப்பையைப் பிடுங்கி, நின்றபடியே குடித்தேன். குடித்துவிட்டுக் கட்டிலோரம் நிலத்தில் இருந்து அழுதேன். அவருடைய கை என் தலைமேல் கனமாகக் கிடந்தது.

ஏப்ரலில் ஒரு காலை, இரண்டாவது முறை வந்த வாதம் அவரைக் கொண்டுபோய்விட்டது. செத்தவீட்டுக்குக் கறுப்புடுத்த பெண்கள் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் ஒன்றையும் தொடவில்லை. எனக்கும் அடுப்பைப் பற்றவைக்கக் கை எழவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை அவர் கீழே வந்தார். கையில் ஒரு கத்தியும் பிளாஸ்ரிக் பையும். "அவள் இந்த மாதத்திலை பார்க்கிலை கீரை புடுங்கிறவள்," என்றார். "மஞ்சள் பூப் பூக்கிறது. வாறியோ?"

போனோம். பூக்க முந்தித்தான் பிடுங்கவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. முற்றியதையெல்லாம் வேரோடு வெட்டிப் பை நிறைத்தோம். அவித்துப் பிழிந்து உள்ளியும் எண்ணெயும் விட்டோம். வாயில் வைக்க முடியாத கைப்பு. அவர் ஒரு வாய் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். பாண் துண்டால் கோப்பையைத் துடைத்து முடித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சமைத்தது அதுதான் கடைசி. இலையுதிர் காலத்துக்கு முன் வீட்டை விற்றுவிட்டு இத்தாலியில் தம்பியிருந்த ஊருக்குப் போய்விட்டார். நான் அக்காவின் அப்பார்ட்மென்ற்றில் ஒரு அறைக்கு மாறினேன்.

என் வழக்கு முடிந்து, மகள் வந்துசேரத் தொண்ணூற்றெட்டு ஆயிற்று. அவளுக்கு ஒன்பது வயது. தெரிந்த குடும்பம் ஒன்றோடு வந்தாள். விமான நிலையத்தில் அவர்களுடைய பெட்டி வண்டிக்குப் பின்னால் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கிட்டப் போனேன். தொடவிடவில்லை.

"அப்பா செத்தது உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

"நான் பக்கத்திலை இருந்தனான்."

அக்காவின் கார் வெளியே நின்றது. பின் சீற்றில் ஏறியவளுக்கு பெல்ற் போடத் தெரியவில்லை. நான் குனிந்து போட்டுவிட்டேன். அவள் தடுக்கவில்லை.